"டெம்ப்ரவரி கேஸ்" என்றார்கள்: ரோலரில் போன இரண்டு விரலும் 35,000 ரூபாயும்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கிற ஒரு சின்ன யூனிட்டில் என் அக்கா வீட்டுக்காரர் வேலை பார்த்தார். 2022 ஆகஸ்ட்டில், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், மோட்டார் ரோலருக்குள் ஷீட்டோடு சேர்ந்து கையும் போய்விட்டது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயின. அப்போது அத்தானுக்கு வயது 40.

அந்த விரல்களுக்கு அவர் கையில் வந்தது 35,000 ரூபாய். சட்டப்படி வந்திருக்க வேண்டியது 3,31,506 ரூபாய். நடுவில் இருக்கிற பணத்தை நான்கைந்து வார்த்தைகளை வைத்தே எங்களிடமிருந்து பிடுங்கினார்கள். கேஸ் நடப்பதால் யூனிட் பெயர், ஆள் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. அந்த வார்த்தைகளை மட்டும் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை), தும்பு ஆலை, செங்கல் சூளை என்று எங்கே வேலை பார்த்தாலும் இதே வார்த்தைகள்தான் வரும்.

முதல் வார்த்தை ஏ.ஆர். ஆஸ்பத்திரியில் அடிபட்டவரைச் சேர்க்கும்போது எழுதுகிற விபத்துப் பதிவேடு. அத்தானை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர் மேனேஜர். அக்கா போய்ச் சேருவதற்குள் அவரே எல்லாம் சொல்லி எழுத வைத்துவிட்டார். அக்காவிடம், "ஒண்ணும் கேக்காதீங்க அக்கா, போலீஸ் கேஸ் ஆயிட்டா கையையே தொட மாட்டாங்க" என்றாராம். ரத்தத்தைப் பார்த்து நிற்கிற பொம்பிளை என்ன கேட்பாள்? இருபது மாதம் கழித்து வக்கீல் கேட்டதால் ஏ.ஆர் காப்பி வாங்கிப் பார்த்தோம். 'வீட்டில் கிரைண்டரில் கை சிக்கியது' என்று இருந்தது.

இழப்பீட்டுச் சட்டத்தின் அஸ்திவாரமே, விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நடந்திருக்க வேண்டும் என்பதுதான். ஒரே வரியில் அந்த அஸ்திவாரத்தைத் தோண்டிவிட்டார் மேனேஜர். கை போன அன்றைக்கே இவ்வளவு யோசிக்க முடிந்திருக்கிறது அவருக்கு. யாருக்காவது அடிபட்டால், கூடப் போகிறவர் வீட்டு ஆளோ கூட வேலை பார்ப்பவரோ, ஏ.ஆரில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது 'டெம்ப்ரவரி'. இன்சூரன்ஸ் வேலைகளைப் பார்த்துக்கொடுக்கிற ஒருவரை மேனேஜர் வீட்டுக்கே கூட்டிவந்தார். நல்ல மனுஷன் மாதிரிதான் பேசினார். "தம்பி, புண்ணு ஆறினதும் வேலைக்கு வந்திருவாரு. இது டெம்ப்ரவரி கேஸ். டெம்ப்ரவரிக்கு இவ்வளவுதான் வரும்." நானும் தலையாட்டினேன். பி.காம் படித்தவன் நான், வெட்கமாக இருக்கிறது.

தற்காலிக இயலாமை என்றால் குணமாகும் வரை சம்பளத்தில் 25 சதவீதத்தை அரை மாதத்துக்கு ஒரு தடவை கொடுப்பது. எலும்பு முறிந்து சேர்ந்துவிடுகிற மாதிரிக் காயத்துக்கு அது சரி. வெட்டுப்பட்ட விரல் திரும்ப முளைக்குமா? அது நிரந்தரப் பகுதி இயலாமை. வேலைக்குத் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் மொத்தமாக ஒரு தொகை கொடுத்தாக வேண்டும்.

அந்தத் தொகை எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்று நின்றுவிடும். எங்கள் கேஸ் நடக்கிற 1923-ம் வருட பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் முதல் அட்டவணை ஒன்று இருக்கிறது. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதாகக் கணக்கு என்று அதில் வரிசையாக இருக்கும். ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20. பெருவிரல் ஒன்று மட்டும் போனாலே 30. நான்காவது அட்டவணையில் வயதுக்கு ஏற்ப ஒரு எண். 40 வயதுக்கு அது 184.17. மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை அந்த எண்ணால் பெருக்கி, வருவதில் 20 சதவீதம் எடுக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அந்த உச்சவரம்பு 2020 ஜனவரியில் வந்தது, அதற்கு முன்பு 8,000-தான். ஆக 9,000 பெருக்கல் 184.17, அதில் ஐந்தில் ஒரு பங்கு, 3,31,506.

இதிலும் ஒரு குழி இருந்தது. மேனேஜர் தரப்பு டாக்டர் சர்டிபிகேட்டில் ஊனம் 12 சதவீதம் என்று போட்டிருந்தார். அட்டவணையில் இருக்கிற காயத்துக்கு அட்டவணை சதவீதம்தான், டாக்டர் மதிப்பீடு அட்டவணையில் இல்லாத காயங்களுக்கே என்று வக்கீல் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

சம்பளத்தில் இன்னொன்று. அத்தானுக்குக் கூலி ஒரு நாளைக்கு 700. மாதம் 26 நாள் வைத்தாலும் 18,000-ஐத் தாண்டும். யூனிட்டுக்கு இன்சூரன்ஸ் பாலிசி எடுக்கும்போது ஆளுக்கு 9,000 என்று காட்டியிருக்கிறார்கள். காட்டுகிற சம்பளத்தைப் பொறுத்துத்தான் பிரீமியம், அதனால் எல்லாரும் குறைத்துத்தான் காட்டுவார்கள். 9,000 என்று வைத்தால் நம் கணக்கு 1,98,904-க்கு இறங்கிவிடுகிறது. ஒரு பொய் எண்ணில் 1,32,000 ரூபாய்க்கு மேல் போகிறது. கூலி எழுதித் தருகிற துண்டுச்சீட்டுகளை அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள், அதுதான் இப்போது எங்கள் பெரிய சாட்சி.

"பாலிசியில உங்க பேரே இல்லையே" என்றும் பயமுறுத்தினார்கள். பெயர் இருக்காதுதான். இந்த மாதிரிப் பாலிசிகளில் எந்த வேலைக்கு எத்தனை பேர், மொத்தச் சம்பளம் எவ்வளவு என்றுதான் பெரும்பாலும் இருக்கும். இன்னொன்றும் புரிந்தது. அந்தப் பாலிசி நமக்காக எடுத்ததே இல்லை, முதலாளி கொடுக்க வேண்டியதை இன்சூரன்ஸ் கம்பெனி தாங்கிக்கொள்வதற்கு எடுத்தது. பாலிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டியவர் முதலாளி. அங்கே ஏழு பேர்தான் வேலை பார்த்தார்கள், இ.எஸ்.ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிடையாது. இ.எஸ்.ஐ இருக்கிறவர்களுக்கு வழி வேறு, அவர்கள் இந்தச் சட்டத்தில் கேட்க முடியாது.

"நீங்கதானே கவனமில்லாம கைய விட்டீங்க" என்று ஒரு நாள் அத்தானிடமே சொன்னார் மேனேஜர். அத்தான் அதை நம்பிவிட்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெறும் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. குடித்துவிட்டு வேலை செய்தது, வேண்டுமென்றே பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றியது மாதிரி இருந்தால்தான் சிக்கல். அந்த ரோலரில் கழற்றுவதற்குக் கவசமே கிடையாது.

கடைசியாக முத்திரைத்தாள். 20 ரூபாய் பத்திரத்தில், 'கருணை அடிப்படையில் 35,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன், இதில் மருத்துவச் செலவும் அடக்கம், இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்று டைப் அடித்துக் கொண்டுவந்தார்கள். அத்தான் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. ஆஸ்பத்திரி பில் மட்டும் 41,000. அக்கா செயினை அடகு வைத்துக் கட்டியிருந்தாள்.

கையெழுத்துப் போட்டாச்சே, இனி என்ன என்று ஒன்றரை வருடம் சும்மா இருந்தோம். தக்கலையில் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வக்கீலிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். உரிமையை விட்டுக்கொடுக்கிற ஒப்பந்தம் இந்தச் சட்டத்தின் 17-ம் பிரிவுப்படி செல்லாது. தொகை பேசி முடித்தால் அதை இந்தக் கேஸ்களை விசாரிக்கிற ஆணையரிடம் அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். அனுப்பாவிட்டால் முதலாளி முழுத் தொகைக்கும் பொறுப்பு, ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கவும் முடியாது, ஆணையர் வேறு மாதிரி உத்தரவு போட்டால் ஒழிய. அதுவும் இது கருணைத்தொகை என்று அவர்களே எழுதியதால், இழப்பீட்டில் கழிக்கவே கூடாது என்பது எங்கள் வக்கீலின் வாதம். ஆஸ்பத்திரிச் செலவைத் தனியாகவே தர வேண்டும்.

ஏ.ஆர், பில், சீட்டு என்று எல்லாம் சேர்க்கவே நாள் போய்விட்டது. கேட்பதற்கு இரண்டு வருடம்தான் காலக்கெடு. நாங்கள் மனுப் போட்டபோது அது முடிய 19 நாள் இருந்தது. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காததால் 12 சதவீத வட்டியும் கேட்டிருக்கிறோம். காரணமில்லாமல் இழுத்தடித்தால் ஆணையர் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். அபராதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி தாங்காது, முதலாளி கையிலிருந்துதான் போக வேண்டும். அதைக் கேள்விப்பட்ட பிறகு மேனேஜர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு தடவை பழமெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார்.

2025 நவம்பர் 21 முதல் இந்த 1923-ம் வருடச் சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. எங்களுடையது பழைய சட்டத்தில் போட்ட கேஸ். இப்போது அடிபடுகிறவர்கள் எந்தப் பிரிவு, எந்த அதிகாரி என்பதை வக்கீலிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த வாய்தாவில் மேனேஜரைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். வக்கீல் சொன்னதால் போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுப் பரணில் ஏறி, பழைய விலையில்லா திட்டத்தில் அரசு கொடுத்த டேபிள் டாப் கிரைண்டரை இறக்கிப் போட்டோ எடுத்தேன். மோட்டார் கருகி வருடக்கணக்காகிறது. உள்ளே பல்லி முட்டை இருந்தது.