பேச்சு மன்றமா, நடிப்புப் பட்டறையா, கூத்துப் பயிற்சியா?

மேடைக் கூச்சம் நீங்கி, நாலு பேர் நடுவே தெளிவாகப் பேச வேண்டும் என்று விரும்புகிறவருக்குச் சென்னையில் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. டோஸ்ட்மாஸ்டர்ஸ் போன்ற பேச்சு மன்றங்கள், நவீன நாடகக் குழுக்களின் நடிப்புப் பட்டறைகள் ஆகிய இரண்டும் எளிதில் கண்ணில் படுபவை. தெருக்கூத்துப் பயிற்சியைத் தேடித்தான் போக வேண்டும். மூன்றுமே செய்து பழகும் கல்விதான் என்றாலும், நம்மை எதைச் செய்ய வைக்கிறார்கள் என்பதில் அவை வெகுவாக வேறுபடுகின்றன.

டோஸ்ட்மாஸ்டர்ஸ், 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது. அதன் பலம் ஒழுங்கு. தயாரித்து வந்து பேசும் உரைக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடம். அந்த இடத்திலேயே கொடுக்கும் தலைப்புக்கு 1 முதல் 2 நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளங்களால் நேரத்தை உணர்த்த ஒருவர், பேச்சில் வரும் ‘ஆ’, ‘ம்’ இழுவைகளை எண்ண ஒருவர், குறைநிறைகளைச் சொல்ல ஒருவர் என்று பொறுப்புகள் பிரிக்கப்பட்டிருக்கும். வேலைக்குப் போகிறவரும் விடாமல் தொடரலாம். ஆனால் அங்கே பேசுகிறவரை யாரும் இடைமறிப்பதில்லை. அலுவலகக் கூட்டத்திலோ வீட்டுக் கூடத்திலோ நமக்கென்று ஏழு நிமிடத்தை எவரும் ஒதுக்கி வைப்பதில்லை. எதிரில் இருப்பவர் முகம் சுளிக்கும் அந்த நொடியில் சொல்ல வந்ததை மாற்றிச் சொல்லும் திறமைதான் அங்கே தேவைப்படுகிறது. அந்தத் திறமைக்கு மன்றத்தில் கிடைக்கும் பயிற்சி குறைவு.

நடிப்புப் பட்டறை தொடங்குவதே அந்த இடத்தில்தான். அமெரிக்க நாடகக்காரர் வயோலா ஸ்போலின் பரப்பிய நாடக விளையாட்டுகளில் ஒன்றான கண்ணாடிப் பயிற்சியைப் பாருங்கள். இருவர் எதிரெதிரே நிற்க, ஒருவர் மெல்லக் கையை உயர்த்துகிறார். மற்றவர் அவருடைய பிம்பமாக அதே வேகத்தில் உயர்த்துகிறார். முதலில் பின்தொடர்பவரின் கண் அந்தக் கையிலேயே ஒட்டிக்கொள்ளும். அசைவும் ஒரு கணம் பிந்தும். பார்வையை எதிரிலிருப்பவரின் கண்ணுக்கு மாற்றி, முழு உடலையும் ஒருசேரக் கவனிக்கப் பழகிய பின்னர், யார் முன்னே போகிறார், யார் பின்தொடர்கிறார் என்று பார்ப்பவருக்கே தெரியாமல் போகும். ஒரு சொல்கூடப் பேசாமல் நடக்கும் இந்தப் பயிற்சி, கேட்பதற்கும் கவனிப்பதற்கும் கிடைக்கும் மிகச் சிறந்த பாடம் என்பது என் உறுதியான கருத்து. வெறும் பேச்சுப் பயிற்சியில் வருடக்கணக்கில் இருந்தாலும் இது கைவருவது கடினம்.

தெருக்கூத்து இவை இரண்டையும்விடக் கடுமையானது. விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில், தலையில் கிரீடமும் தோளில் புஜகீர்த்தியும் சுமந்து, அடவு வைத்து (தாளத்துக்கு அடியெடுத்து ஆடி), வேகமாகச் சுழன்றபடியே பாடவும் வேண்டும் என்பதால், மூச்சும் குரலும் திடப்படாமல் அங்கே நிற்கவே முடியாது. உரையாடல் கலையும் அதற்குள் இருக்கிறது. வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாட, கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் ‘வந்திருப்பது யார்?’ என்று விசாரிக்கும் இடத்தில், கதை மாறாது. ஆனால் கேள்வியும் கேலியும் அன்றைய ஊருக்கும் கூட்டத்துக்கும் ஏற்ப மாறும். அப்படி மாற்றத் தெரிந்தவரே நல்ல கட்டியங்காரன். ஆனால் இது வார இறுதி வகுப்பில் வந்துவிடாது. குருவின் அருகிலிருந்து, பின்பாட்டுப் பாடி, சிறு வேடம் கட்டி, படிப்படியாக வர வேண்டிய வித்தை.

நவீன நாடகத்தையும் கூத்தையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. 1977இல் எழுத்தாளர் ந. முத்துசாமி நிறுவிய கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவின் நடிகர்கள் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் கூத்து பயின்றார்கள். பசுபதி, குரு சோமசுந்தரம் போன்றோர் அங்கிருந்து வந்தவர்கள். அவர்கள் பேசாமல் நிற்கும்போதும் உடல் பேசுவதைத் திரையில் பார்க்கிறோம்.

ஆகவே, மூன்று மாதமும் மாலை நேரமும் மட்டுமே கையில் உள்ளவருக்கு நான் நடிப்புப் பட்டறையையே சொல்வேன். அது முடிந்த பிறகு பேச்சு மன்றத்தில் சேர்ந்தால், அங்குள்ள நேரக் கட்டுப்பாடு கூடுதல் பயன் தரும். முதலிலேயே மன்றத்துக்குப் போகிறவர், பேச்சை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பழக்கத்தில் சிக்கிக்கொள்ளக்கூடும். குரலும் உடலும் முழுமையாக வசப்பட வேண்டும் என்று விரும்புகிற இளைஞர், கூத்து குருவைத் தேடிப் போகத் தயங்க வேண்டாம்.

பட்டறைக்குப் பணம் கட்டுமுன் இரண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? நாற்பது, ஐம்பது பேரைச் சேர்த்தால் ஒவ்வொருவரும் எழுந்து செய்யும் நேரம் குறைந்து, உட்கார்ந்து பார்க்கும் நேரமே மிஞ்சும். இறுதியில், முன்பின் தெரியாத பார்வையாளர்கள் முன் ஒரு நாடகம் உண்டா? அது இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது.