ஐ9 உடன் 4060-ஆ, ஐ7 உடன் 4070-ஆ: கேமிங் லேப்டாப்பில் எதற்கு முன்னுரிமை?

கேமிங் லேப்டாப் தேடும் பலரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். கிட்டத்தட்ட ஒரே விலையில் இரண்டு மாடல்கள் இருக்கும். ஒன்றில் பிராசஸர் பெரியது, கிராஃபிக்ஸ் கார்டு நடுத்தரம், மற்றதில் அப்படியே தலைகீழ். டெஸ்க்டாப் என்றால் இன்றைக்கு ஒன்றை வாங்கிவிட்டு அடுத்த வருடம் மற்றதை மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப்பில் பொதுவாக இரண்டையும் மதர்போர்டிலேயே பற்றவைத்து அனுப்புகிறார்கள், வாங்குகிற அன்று எடுத்த முடிவுதான் கடைசி வரை.

பேச வசதியாக மூன்று ஜோடிகளை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது இன்டெல் பிராசஸரான கோர் ஐ9-13980எச்எக்ஸ் உடன் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டான ஆர்டிஎக்ஸ் 4060. இரண்டாவது கோர் ஐ7-13650எச்எக்ஸ் உடன் ஆர்டிஎக்ஸ் 4070. மூன்றாவது ஏஎம்டி பிராசஸரான ரைசன் 7 7840எச்எஸ் உடன் அதே 4060. இவை கொஞ்சம் பழைய தலைமுறைதான், ஆனால் புதியதிலும் கதை பெரிதாக மாறவில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

காகிதத்தில் பார்த்தால் முதல் ஜோடியின் பிராசஸர் மிரட்டும்: 24 கோர், 32 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்), 5.6 கிகாஹெர்ட்ஸ் வரை வேகம். ஐ7-க்கு 14 கோர், 20 த்ரெட், 4.9 கிகாஹெர்ட்ஸ். ஆனால் அந்த 24 கோரில் 16 கோர்கள் சிறியவை, வீடியோ ரெண்டரிங், கோட் கம்பைல் போன்ற வேலைகளுக்குத்தான் அவற்றால் உண்மையான பயன். கேம் பெரும்பாலும் ஒரு முக்கிய த்ரெட்டையும் அதைச் சுற்றி இன்னும் சிலவற்றையும் நம்பி ஓடுகிறது, அதனால் கேமுக்கு ஐ9 கொடுக்கும் கூடுதல் என்பது கோர் எண்ணிக்கை அல்ல, கொஞ்சம் கூடுதல் வேகமும் 24 எம்பிக்குப் பதில் 36 எம்பி எல்3 கேச்சும்தான் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்). குறைவான லாபம் என்று சொல்லவில்லை, ஸ்டிக்கரைப் பார்த்து நாம் நினைக்கிற அளவு இல்லை என்கிறேன்.

சரி, 4070 பக்கம் வருவோம். 4060-இல் 3072 கூடா கோர்கள் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்ன அலகுகள்), 4070-இல் 4608, அதாவது சரியாக ஒன்றரை மடங்கு. ஆனால் இரண்டுக்கும் அதே 8 ஜிபி விரேம் (கார்டின் சொந்த நினைவகம்), அதே 128 பிட் மெமரி பஸ் (அந்த நினைவகத்துக்குப் போகும் பாதை), என்விடியா அனுமதிக்கும் மின்சார வரம்பும் ஒன்றே: 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. ஆக கேமில் தெரியும் வித்தியாசம் அந்த 50 சதவீதத்தின் பக்கத்தில்கூட வராது. இன்னொரு விஷயம், லேப்டாப் 4070 டெஸ்க்டாப் 4070 அல்ல. டெஸ்க்டாப்பில் அந்தப் பெயருக்கு 12 ஜிபி விரேமும் 5888 கோர்களும் உண்டு. பெயர் ஒன்று, சிப் வேறு.

இருந்தாலும் சைபர்பங்க் 2077, ஆலன் வேக் 2 மாதிரி கதை கேம்களை 1440பி திரையில், செட்டிங்ஸைக் கூட்டி வைத்து ஆடுபவருக்கு இரண்டாவது ஜோடிதான் என் தேர்வு, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அங்கே கிராஃபிக்ஸ் கார்டு 98, 99 சதவீதத்தில் மூச்சிரைத்துக்கொண்டிருக்கும், பிராசஸர் அடுத்த ஃபிரேமைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கும். காத்திருப்பது ஐ9-ஆக இருந்தால் என்ன, ஐ7-ஆக இருந்தால் என்ன.

கவுன்டர் ஸ்ட்ரைக் 2, வாலரன்ட் என்று 1080பி-யில் செட்டிங்ஸை அடிமட்டத்துக்கு இறக்கி 240 ஹெர்ட்ஸ் திரையில் ஆடுபவருக்குக் கணக்கு வேறு. 60 எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு 60 ஃபிரேம் என்றால், ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட் நேரம் இருக்கிறது. 240-க்கு வெறும் 4.2. அந்த 4.2 மில்லிசெகண்டுக்குள் யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே போகிறது, எதை வரைய வேண்டும் என்பதையெல்லாம் பிராசஸர் முடித்துக் கொடுத்தாக வேண்டும். இங்கே 4060 பாதி தூக்கத்தில் இருக்கும், ஐ9 ஜெயிக்கும். நகரங்களும் கூட்டமும் நிறைந்த கேம்களிலும் இதே கதைதான்: பால்டர்ஸ் கேட் 3-இல் காட்டுக்குள் சுகமாக ஓடிய லேப்டாப், மூன்றாம் அத்தியாயத்தில் நகரத்துக்குள் நுழைந்ததும் எஃப்பிஎஸ் சரியும், அதே நேரம் கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாடும் இறங்கும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் தடை பிராசஸர் பக்கம்தான்.

இதை நீங்களே பார்த்துவிடலாம். ஒரே இடத்தில் கேரக்டரை நிறுத்தி, எஃப்பிஎஸ் பார்த்துக்கொண்டு, ரெசல்யூஷனை மட்டும் ஒரு படி குறையுங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் திணறியது கிராஃபிக்ஸ் கார்டு. அசையாமல் நின்றால் பிராசஸர். ‘ஆனால் என் பிராசஸர் 30 சதவீதம்தானே காட்டுகிறது’ என்று நிறையப் பேர் கேட்பார்கள்; 32 த்ரெட் உள்ள சிப்பில் ஒரே ஒரு த்ரெட் முழுதாக நிரம்பினால் மொத்தக் கணக்கில் அது சுமார் 3 சதவீதமாகத்தான் தெரியும், அந்த எண்ணை நம்பாதீர்கள்.

இதில் டிஎல்எஸ்எஸ், அதாவது குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் என்விடியா நுட்பம், ஒரு குழப்பத்தைச் சேர்க்கிறது. 1440பி-யில் குவாலிட்டி மோட் போட்டால் கேம் உள்ளே 960பி-யில்தான் வரையப்படுகிறது, அதாவது கிராஃபிக்ஸ் கார்டின் சுமை குறைந்து எஃப்பிஎஸ் ஏறுகிறது, ஏறிய எஃப்பிஎஸ்-க்கு ஈடுகொடுக்க வேண்டியது பிராசஸர். ரே ட்ரேசிங்கும் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் சுமக்கும் பாரம் அல்ல, பிராசஸருக்கும் வேலை கூடும். ஆகவே ‘1440பி திரைதானே, எந்த பிராசஸரும் போதும்’ என்று நான்கே பெரிய கோர் உள்ள மிகச் சின்ன சிப்பில் போய் விழ வேண்டாம். இடையிடையே ஃபிரேம்களைத் தானே உருவாக்கிச் சேர்க்கும் ஃபிரேம் ஜெனரேஷன் போட்டால் எண் ஏறும், திரை வழுவழுப்பாகும், ஆனால் மவுஸ் அசைவுக்கு கேம் பதில் சொல்லும் வேகம் ஏறாது.

மேலே சொன்னதையெல்லாம் ஒரே அடியில் கவிழ்த்துவிடக்கூடியது வாட். 13980எச்எக்ஸ் உச்சத்தில் 157 வாட் வரை இழுக்கக்கூடியது. அதே உடம்புக்குள், பல மாடல்களில் அதே ஹீட்பைப்பைப் பகிர்ந்துகொண்டு, கிராஃபிக்ஸ் கார்டும் 100 வாட்டுக்கு மேல் கேட்கிறது. ஒரே குடும்பச் செலவில் இரண்டு பேர் கை வைப்பது மாதிரிதான். என்விடியாவின் டைனமிக் பூஸ்ட் இதைச் சமாளிக்கத்தான்: பிராசஸர் சும்மா இருக்கும்போது 25 வாட் வரை கிராஃபிக்ஸ் பக்கம் தள்ளிவிடும். ஐ9 ஓயாமல் பூஸ்ட் ஆகிக்கொண்டிருந்தால் தள்ள என்ன மிச்சம்? மெல்லிய உடம்பில் 60 வாட்டுக்கு அடக்கிய 4070-ஐ, தடித்த உடம்பில் முழு மூச்சில் ஓடும் 4060 முந்திப்போக முடியும். அதனால் ஸ்பெக் பக்கத்தில் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் டிஜிபி (கார்டுக்கான மின்சார வரம்பு) எத்தனை வாட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், போடாத மாடலைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது ஜோடியை நான் சேர்த்தது இதற்காகத்தான். 7840எச்எஸ் 8 கோர், 16 த்ரெட், 35 முதல் 54 வாட் வரை என்று வடிவமைத்த சிப்; குறைவாக எடுத்துக்கொண்டு கார்டுக்கு நிறைய விட்டுக்கொடுக்கும். பையில் தூக்கிப்போய், பேட்டரியில் படிப்பு வேலையும் பார்த்து, இரவில் கேம் ஆடுபவருக்கு முதல் இரண்டைவிட இது நல்லது. பெயரை மட்டும் கவனியுங்கள்: 7735எச்எஸ் என்பது ஏதோ தம்பி மாதிரி தெரியும், உண்மையில் அது பழைய ஜென் 3+ கட்டமைப்பு. இந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் தலைமுறையைச் சொல்கிறது, 7840-இல் 4, 7735-இல் 3.

என்விடியாவின் புதிய ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலும் லேப்டாப் 5060-க்கு 8 ஜிபி, 5070-க்கும் 8 ஜிபி. 5070 டிஐ-யில்தான் அது 12 ஆகிறது. கார்டுக்காகப் பிராசஸரில் ஒரு படி இறங்குவதென்றால் அந்த 12 ஜிபிக்காக இறங்குங்கள், 8-லிருந்து இன்னொரு 8-க்குப் போக அவ்வளவு தியாகம் தேவையில்லை.

அப்புறம், ஏற்கெனவே ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு பிராசஸர் திணறுகிறது என்று புலம்புபவர்கள் முதலில் ரேமைப் பாருங்கள். ஒரே ஸ்டிக் போட்டு வந்திருந்தால் மெமரி ஒற்றைச் சேனலில் ஓடும், பிராசஸரை நம்பும் கேம்களில் அது நன்றாகவே அடிவாங்கும். இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால் இணையான ஸ்டிக் ஒன்றைப் போட்டுவிட்டு, மக்ஸ் ஸ்விட்ச் (திரையை எந்த கிராஃபிக்ஸோடு இணைப்பது என்று மாற்றும் வசதி) இருந்தால் அதையும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேராகத் திருப்பிவிட்டு, அதே இடத்தில் அதே சோதனையை மறுபடி செய்து பாருங்கள்.