120 மி.மீ. ஃபேனுக்கு வட்டம்: ஹோல் சாவா, ஜிக்சாவா?

பழைய கம்ப்யூட்டர் கேபினெட்டின் மேல் தகட்டில் 120 மி.மீ. ஃபேன் ஒன்று வைக்கலாம் என்று கிளம்பினால், வட்டத்தை எதால் வெட்டுவது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஹோல் சா (டிரில்லில் மாட்டும், விளிம்பில் பல் வைத்த கிண்ணம்), ஜிக்சா (ஒல்லி பிளேடு மேலும் கீழும் ஓடும் ரம்ப மெஷின்), கட்டிங் வீல் (கிரைண்டரில் மாட்டும் வெட்டுச் சக்கரம்), ஸ்டெப் டிரில், பஞ்ச். எல்லாமே நல்ல கருவிகள்தான். எத்தனை மி.மீ. ஓட்டை என்று கேட்காமல் சொல்வதுதான் சிக்கல்.

சின்ன ஓட்டையை முதலில் முடித்துவிடுவோம். பவர் பட்டனுக்கு 16, 19 அல்லது 22 மி.மீ. என்றால் ஸ்டெப் டிரில்தான். கூம்பு மாதிரி படிப்படியாக அகலும் பிட் அது. ஒரு படி முடிந்து அடுத்த படி லேசாகத் தொட்டாலே ஓரத்துப் பிசிறும் போய்விடும். வாங்கும்போது படிகளைப் பாருங்கள். இரண்டிரண்டு மி.மீ. ஆகக் கூடுவதில் 18-க்கு அடுத்து 20தான், 19 இருக்காது. 18-ல் நிறுத்தி உருண்டை அரத்தால் ராவிக்கொள்ளலாம். நிறுத்தவேண்டிய படிக்கு மேல் டேப் சுற்றிவிட்டால் கை மீறாது.

சுத்தம் என்று பார்த்தால் நாக்அவுட் பஞ்சை எதுவும் மிஞ்சாது. தகட்டுக்கு ஒரு பக்கம் பஞ்ச், மறுபக்கம் அது உள்ளே இறங்கும் டை என்ற அச்சு, நடுவில் போல்ட். ஸ்பேனரால் முறுக்க முறுக்கத் தகடு வட்டமாக அறுந்து விழும். தூள் இல்லை, சூடு இல்லை, பெயின்ட் கருகாது. ஆனால் ஃபேன் அளவுக்குப் பஞ்ச் வாங்கும் காசில் புது கேபினெட்டே வாங்கிவிடலாம். பேனல் போர்டு செய்யும் பட்டறையில் தெரிந்தவர் இருந்தால் தகட்டைக் கழற்றி எடுத்துப்போய்க் கேட்டுப்பாருங்கள்.

இனி பெரிய வட்டம். 120 மி.மீ. ஃபேனுக்கு 114 மி.மீ., அதாவது நாலரை இஞ்ச், ஹோல் சா கச்சிதமாகப் பொருந்தும். வெட்டிய வட்டமும் காம்பஸ் வைத்துப் போட்டதுபோல இருக்கும். தொல்லை வேகத்தில் இருக்கிறது. இரும்பை வெட்டும் பல், நிமிடத்துக்கு 25, 30 மீட்டர் வேகத்தில் ஓடினால் போதும். 114 மி.மீ. விட்டத்துக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 80 சுற்றுதான். வீட்டில் இருக்கும் சாதாரண டிரில்லிங் மெஷின் 2,800 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் பல் நிமிடத்துக்கு ஆயிரம் மீட்டர் ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் பல் கருகி மழுங்கிவிடும்.

அதைவிட மோசம், பல் தகட்டைக் கவ்வுவது. கேபினெட் தகடு பெரும்பாலும் ஒரு மி.மீ.க்கும் குறைவு. நடு பிட் தகட்டைத் துளைத்து இறங்கியதும் பல்லெல்லாம் ஒரு பக்கமாகக் கொத்தும். என் முதல் ஓட்டையில் தகடு அப்படியே நின்றது, மெஷின்தான் சுற்றியது, மணிக்கட்டோடு சேர்த்து. ஒரு வாரம் இடது கையால் சாப்பிட்டேன். ஆக, வேகம் குறைக்கக்கூடிய டிரில் பிரஸ் (தாங்கியில் நின்று நேராக இறங்கும் டிரில்) இருந்தால், தகட்டுக்கு அடியில் பிளைவுட் வைத்து கிளாம்ப் போட்டு, எண்ணெய் விட்டு ஹோல் சா ஓட்டுங்கள். கையில் பிடித்து ஓட்டுவதாக இருந்தால் வேண்டாம்.

அதனால் வீட்டு வேலைக்கு என் ஓட்டு ஜிக்சாவுக்கு. இரும்புக்கான நெருக்கமான பல் பிளேடு, பிளேடு நுழைய 10 மி.மீ. ஓட்டை ஒன்று, அப்புறம் கோட்டுக்கு ஒரு மி.மீ. உள்ளேயே வெட்டிக்கொண்டு போகவேண்டும். பல் மேல்நோக்கி இழுத்து வெட்டுவதால் பிசிறு மேலே வரும். தகட்டின் உள்பக்கம் மேலே இருக்கும்படி போட்டால் பிசிறும் கீறலும் வெளியே தெரியாது. தகடு அதிர்ந்தால் பிளேடு ஒடியும், இங்கேயும் பிளைவுட் வேண்டும். மிச்சமிருக்கும் ஒரு மி.மீ.யை அரைவட்ட அரத்தால் கோடு வரை ராவ அரை மணி நேரம் ஆகும். வட்டம் வட்டமாவது அந்த அரை மணி நேரத்தில்தான்.

கட்டிங் வீல் வேறு எதுவும் இல்லாதவர்களுக்கு. நேராக வெட்டத்தான் அதற்குத் தெரியும். வட்டம் என்று நாம் நினைப்பது பதினாறு பக்க உருவமாக வரும். பொறி பட்டு பெயின்டும் போகும். ரப்பர் பீடிங் ஒட்டி மறைக்கலாம், சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். அலுமினிய கேபினெட் என்றால் இதைத் தொடவே வேண்டாம், சக்கரத்தில் உலோகம் அப்பிக்கொள்ளும். அலுமினியத்துக்கு ஜிக்சாவும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும்.

எதால் வெட்டினாலும் நான்கு ஸ்க்ரூ ஓட்டைகளை முதலில் குறித்துவிடுங்கள். 120 மி.மீ. ஃபேனுக்கு இடைவெளி 105 மி.மீ.; நான்கையும் குறுக்காகக் கோடு போட்டு இணைத்தால் மையம் கிடைத்துவிடும். மதர்போர்டைக் கழற்றாமல் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். வெட்டிய ஓரத்தில் துத்தநாகப் பூச்சு இருக்காது, துரு அங்கேதான் தொடங்கும். பிரைமர் இல்லையென்றால் நெயில் பாலிஷ் ஒரு கோட் அடித்து, காய்ந்ததும் ஃபேனை மாட்டுங்கள்.