டபிள்யூஆர்எக்ஸுக்கு எந்தக் கிளட்ச்: ஒறிஜினலா, ஹெவி டியூட்டியா, செராமிக்கா?

போன வருடம் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும்போது நான்காம் கியரில் அக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தேன். ஆர்பிஎம் முள் 3500இலிருந்து 5000க்குப் பாய்ந்தது, கார் மட்டும் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து இறங்கியபோது கருகல் மணம். சரி, கிளட்ச் முடிந்தது.

கார் 2001ஆம் ஆண்டு சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ், ஜப்பான் இறக்குமதி, 2 லீட்டர் டேர்போ, கம்பனிக் கணக்கில் 250 குதிரைவலு. பெரிய வேலை எதுவும் செய்யவில்லை: எக்சோஸ்ட், இன்டேக், 95 ஒக்டேன் பெற்றோலுக்கு ஒரு ரீமேப், அதாவது என்ஜின் கம்ப்யூட்டரில் அளவுகளை மாற்றி எழுதுவது. (ஜப்பானில் 100 ஒக்டேனுக்காகச் செய்த கார், இங்கே அந்த ரீமேப் ஆடம்பரம் இல்லை.)

பழைய கிளட்ச் தட்டுக்குப் புது லைனிங் (உராய்ந்து பிடிக்கும் படலம்) ஒட்டித் தருவார்கள், விலையும் மலிவு. லேண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்துக்கு அது போதும், இந்தக் காருக்கு வேண்டாம்.

ஒறிஜினல் வகைக் கிட் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் லேசாகக் கிடைக்கும், பெடல் மெத்தென்று இருக்கும், காரில் கை வைக்காமல் ஓட்டுகிறவர் அதையே வாங்கலாம். ஆனால் கிளட்ச்சுக்குக் குதிரைவலு பொருட்டில்லை, அது தாங்குவது டோர்க்கை, அதாவது என்ஜின் முறுக்கும் விசையை. ரீமேப் செய்ததும் நடு ஆர்பிஎம்மில் டோர்க் திடீரென்று ஏறுகிறது, அந்த இடத்தில்தான் என் தட்டும் வழுக்கியது. அளவோடு மிதித்தால் தாங்கும் என்பார்கள். என் கால் அப்படிப்பட்ட கால் இல்லை.

அடுத்தது ஆறு துண்டு செராமிக், தட்டில் முழு லைனிங்குக்குப் பதிலாக ஆறு செராமிக் துண்டுகள் இருக்கும். சொந்தக் காரில் போட்டதில்லை, கல்முனையில் ஒரு நண்பன் போட்டிருக்கிறான், இரண்டு வாரம் அவனுடைய காரை ஓட்டினேன். பிடி என்றால் பிடி! ஆனால் ஒன்றில் பிடிக்கும், இல்லாவிட்டால் விடும், இடையில் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த நேரம் காத்தான்குடி மெயின் ரோட்டில், பேரீச்ச மரங்களுக்குப் பக்கத்தில், முன்னால் ஒரு திரீவீல் அரை அடி அரை அடியாக நகர, நான் ஒவ்வொரு அரை அடிக்கும் காரைத் துள்ள வைத்துக்கொண்டிருந்தேன்.

துள்ளலையாவது பொறுத்துக்கொள்ளலாம். என்னைத் தடுத்தது கியர்பொக்ஸ். இந்த 5 கியர் பெட்டி கொஞ்சம் நோஞ்சான், டேர்போ சுபாரு வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். முன்சில்லு ஓட்டும் காரில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் டயர் சுழன்று அடியை வாங்கிக்கொள்ளும். இதில் நாலு சில்லும் ரோட்டைப் பிடிக்கின்றன. கடற்கரைப் பக்க மணல் ரோட்டில் என்றால் கொஞ்சம் சறுக்கும், வாழைச்சேனைக் காபெட் ரோட்டில் சறுக்காது. டயரும் விடாமல் கிளட்ச்சும் விடாமல் இருந்தால் அந்த அடி போய் விழுவது கியர்ப் பற்களில். என் காரைப் பார்க்கும் காத்தான்குடி மெக்கானிக், நாங்கள் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடுகிறவர், சொன்னார்: "இதக் கல்லு மாதிரி பிடிக்க வெச்சா, அடுத்தது உள்ளுக்க உடையும் மகன்." கிளட்ச் தட்டு தேய்ந்தால் கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஏற்றி மறுநாள் எடுக்கலாம். கியர்பொக்ஸ் போனால் ரீகண்டிஷன் பெட்டி தேடி அலைய வேண்டும், கிடைப்பதும் இன்னொருவர் அடித்து ஓட்டியதாக இருக்கலாம்.

அதனால் நடுவழியான ஹெவி டியூட்டிதான் எடுத்தேன்: தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் அழுத்தம் கூடியது, தட்டு மட்டும் ஒறிஜினலைப் போலச் சாதாரண ஓகானிக் லைனிங். ஒறிஜினலைவிட எனக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலை வந்தது. கிளட்ச்சைச் சட்டென்று விட்டாலும் தட்டு ஒரு கணம் வழுக்கிவிட்டுத்தான் பிடிக்கிறது, அந்த ஒரு கணம்தான் எனக்கு வேண்டியிருந்தது. முதல் 800 கிலோமீற்றர் டேர்போவை ஊத விடாமல் டவுனுக்குள்ளேயே ஓட்டினேன், அதுதான் பெரிய தண்டனை. இப்போது 14,000 ஓடிவிட்டது, மஹியங்கனை 18 வளைவும் ஏறியாயிற்று, வழுக்கவில்லை. பெடல் இறுக்கம்தான், கல்லடிப் பாலத்தில் நெரிசலில் நின்றால் இடது முழங்கால் சொல்லும். ரேஸ் ட்ராக்கில் ஓட்டியதில்லை, அங்கே ஓட்டுகிறவர் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

அழுத்தம் கூடிய பிளேட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் ஓடும் அலுமினியக் குழாய் இந்தக் கியர்பொக்ஸில் எப்படியும் தேயும், பாரம் கூடினால் இன்னும் சீக்கிரம் தேயும். கியர்பொக்ஸைக் கழற்றிக் கீழே வைத்திருக்கும்போதே அதைத் தடவிப் பாருங்கள். என்னுடையதில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தது, அதன் மேலே ஏற்றுகிற இரும்புக் குழாய் ஒன்று வாங்கிப் போட்டோம். தட்டு உராயும் ஃப்ளைவீலையும் லேத்தில் கொடுத்து முகத்தைச் சமமாக்கி, என்ஜினின் பின்பக்க ஒயில் சீலையும் மாற்றிவிடுங்கள்.

அப்புறம், இந்த வருடக் காரில் கிளட்ச் 'புல்' வகை. பேரிங் பிளேட்டைத் தள்ளாது, அதோடு பூட்டிக்கொண்டு இழுக்கும். நான் முதலில் போன கராஜில் இது தெரியாமல் கம்பி போட்டு நெம்பிக்கொண்டிருந்தார்கள், பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றைக் கலக்கியது, காரை அப்படியே கட்டி இழுத்துக்கொண்டு காக்காவிடம் வந்தேன். அவர் பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) பக்கத்திலிருந்த மூடியை 10 மில்லிமீற்றர் அலன் கீயால் கழற்றி, உள்ளே பேரிங்கை நகர்த்தும் ஃபோர்க்கின் அச்சில் ஒரு 6 மில்லிமீற்றர் போல்ட்டைத் திருகி, குறட்டால் பிடித்து இழுத்தார். அச்சு வெளியே வந்தது, பெட்டி தானாகக் கழன்றது. அந்தப் போல்ட் இப்போது என் டாஷ்போர்ட் பெட்டிக்குள் கிடக்கிறது.