மீன் நாக்கில் சுருக்கென்றால் அதோடு நிறுத்திவிடுங்கள்

போன ஞாயிறு மதியம் அம்மாவோடு ஒரு கடல் உணவுக் கடைக்குப் போயிருந்தேன். பெரிய ஓட்டல் இல்லை. வாசலில் ஐஸ் தட்டில் மீனை அடுக்கி வைத்திருப்பார்கள். நாம் கைகாட்டுவதை எடை போட்டு வறுத்துத் தருவார்கள். கூட்டம் நன்றாகவே இருந்தது. அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்து, சதையை விரலால் அழுத்திப் பார்த்து ஒரு சூரை மீனைத் தேர்ந்தெடுத்தார். கண் பளிச்சென்று இருந்தது, செவுளும் சிவப்பாகத்தான் இருந்தது. தராசில் வைத்து எடையைச் சீட்டில் எழுதிக்கொண்டு உள்ளே போனார்கள்.

பத்தே நிமிஷத்தில் தட்டு வந்துவிட்டது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். முழு மீனைச் செதில் எடுத்து, வெட்டிக் கழுவி, மசாலா தடவி வறுக்கப் பத்து நிமிஷம் போதுமா? வந்த துண்டுகளைப் பிட்டால் மசாலா உள்வரைக்கும் ஏறிக் கிடந்தது. முன்னமே தடவி எங்கேயோ வைத்திருந்ததைப் பொரித்துக் கொடுத்துவிட்டு, நாங்கள் காட்டிய மீனின் எடைக்குப் பில் போட்டிருக்கிறார்கள்.

பணம் போனால் போகட்டும். அம்மா இரண்டாவது துண்டை எடுத்ததும், "நாக்கு சுருசுருங்குதுடி, மிளகு தூக்கலா இருக்கு" என்றார். எனக்கும் நுனி நாக்கு லேசாக எரிந்தது. பரிமாறியவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எங்க மசாலாவே அப்படித்தாங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாற்றம் எதுவும் இல்லை. அதனால் அம்மா வீணாக்க மனமில்லாமல் முழுதும் சாப்பிட்டார். நான் பாதியோடு வைத்துவிட்டேன்.

கை கழுவிவிட்டு வரும்போதே அம்மாவின் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று ஆகியிருந்தன. தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றார். எனக்கும் காது மடல் சூடாகிவிட்டது. கல்லாவில் சொன்னதற்கு, "அவங்களுக்கு மீன் ஒத்துக்காதுபோல" என்றார்கள். அறுபது வருஷமாக மீன் சாப்பிடுகிறவரைப் பார்த்து!

மருத்துவர் முதலில் கேட்டது, "என்ன மீன்? கூடச் சாப்பிட்டவங்களுக்கும் இருக்கா?" என்பதைத்தான். பிறகுதான் விளக்கினார். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இயல்பாகவே அதிகம். பிடித்த மீனைக் குளிர் குறையாமல் வைக்காவிட்டால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமை வரும்போது நம் உடம்பு வெளியிடுவதும் அதே ஹிஸ்டமின்தான், அதனால்தான் பார்க்க அலர்ஜி போலவே இருக்கிறது. இதற்கு ஸ்காம்ப்ராய்டு நச்சு என்று பெயர்.

என்னைத் திடுக்கிட வைத்தது இதற்கு அடுத்து அவர் சொன்னது. ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் வறுத்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது, மறுபடி ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. மீன் பார்க்கவும் முகரவும் நல்லதாகவே இருக்கலாம். சில சமயம் நாக்கில் மிளகு போன்ற அந்தச் சுருக்கு ஒன்றுதான் தடயம், எல்லா நேரமும் அதுவும் இருக்காது. 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்திருந்தால் இது பெரும்பாலும் வராது என்றார். மசாலா தடவிச் சமையற்கட்டில் கிடந்த துண்டுக்கு அந்தக் குளிர் எங்கே கிடைத்திருக்கும்?

ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மாத்திரையிலேயே அம்மாவுக்குச் சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாகவே அடங்கிவிடுமாம். ஆனால் ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம். மூச்சு முட்டினாலோ உதடு, நாக்கு வீங்கினாலோ காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். அந்த நேரத்தில் அலர்ஜியா நச்சா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி நான் கைகாட்டிய மீனை என் கண்ணெதிரே வெட்டச் சொல்லப் போகிறேன். நேரமானாலும் பரவாயில்லை. வெட்ட மாட்டோம் என்றால் அங்கே சாப்பிடப் போவதில்லை. நாக்கு எரிந்தால் அந்த வாயோடு துப்பிவிடுவேன்.

மறுநாள் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "மீன் மிச்சம் வச்சிருக்கீங்களா? ஒரு துண்டு இருந்தாலும் பரிசோதனைக்கு அனுப்பலாம்" என்றார்கள். நான் பாதியில் வைத்த அந்தத் துண்டைக் கட்டி வாங்கி ஃப்ரீசரில் வைத்திருக்கலாம். நாங்கள் எழுந்ததுமே தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.