நியாய வர்த்தக முத்திரையுடன் ஓர் எத்தியோப்பியக் கோப்பி

கனடாவிலிருந்து வந்த மைத்துனர் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்த இந்த எத்தியோப்பியக் கோப்பித்தூளில், மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த நம்மூர்த் தூளின் காரத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். இலேசான புளிப்பும் பூமணமும் கொண்ட இதனைப் பாலின்றி, ஒரு துண்டுப் பனங்கட்டியுடன் குடிப்பதே சிறப்பு.

விலை அதிகம், அதற்கான காரணங்களுள் ஒன்று பொதியிலுள்ள நியாய வர்த்தக (Fairtrade) முத்திரை. 1988 இல் மெக்சிக்கோ விவசாயிகளின் கோப்பியுடன் நெதர்லாந்தில் தொடங்கிய இம்முறையில், உலகச் சந்தை எவ்வளவு வீழ்ந்தாலும், கழுவிப் பதப்படுத்திய அரபிக்கா வகைக் கோப்பிக்கு இறாத்தலுக்கு 1.80 அமெரிக்க டொலர் என்ற அடிவிலை (2023 ஆகஸ்ட் முதல்) விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்திற்கு உறுதிசெய்யப்படுகிறது. சந்தை விலை அதனை விஞ்சினால் அச்சந்தை விலையே கிடைக்கும். இதற்கு மேலதிகமாக இறாத்தலுக்குச் சேரும் 20 அமெரிக்கச் சதத்தைப் பாடசாலைக்குச் செலவிடுவதா, உலர்த்தும் தளத்துக்குச் செலவிடுவதா என்பதை உறுப்பினர்களே கூடி முடிவுசெய்கின்றனர். அதில் 5 சதமேனும் விளைச்சலையும் தரத்தையும் உயர்த்தப் பயன்பட வேண்டும். அறுவடை நாளில் நெல் விலை சரிவதைக் கண்டு பழகிய வன்னி விவசாயிக்கு அடிவிலையின் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் சங்கங்கள் விளைவிப்பது முழுவதும் இம்முத்திரையுடன் விற்பனையாவதில்லை. மிகுதி சாதாரணச் சந்தைக்கே போகிறது. பொதியில் சங்கத்தின் பெயரோ வறுத்த நாளோ இல்லாதது பெருங்குறை. நமது வெக்கையில் மணம் விரைவில் போய்விடும் என்பதால், திறந்தவுடன் இறுக்கமான போத்தலுக்கு மாற்றிவிடுங்கள்.