பெய்ஜிங்கில் 'ஜின்ஷான்லிங் முதல் சிமடாய் வரை' என்று யாராவது விற்றால் பணம் கட்டாதீர்கள்

சீனப் பெருஞ்சுவருக்குத் தனியாகப் போய், அங்கே ஏதாவது ஒரு குழுவோடு சேர்ந்து நடக்கலாம் என்று திட்டமிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

பெய்ஜிங்கில் நான் தங்கிய ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் ஒரு டிராவல்ஸ். 'ஜின்ஷான்லிங்கில் ஏறி, சுவர் மேலேயே நடந்து சிமடாயில் இறங்கலாம், சிறு குழு, வழிகாட்டி உண்டு' என்றார்கள். 600 யுவான் வாங்கிக்கொண்டார்கள்.

ஜின்ஷான்லிங், சிமடாய் இரண்டும் சுவரின் அடுத்தடுத்த பகுதிகள். ஜின்ஷான்லிங் பெய்ஜிங் நகரத்திலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர். மிங் அரச வம்சத்தின் காலத்தில், 1570 வாக்கில், தளபதி சீ ஜிகுவாங்கின் பொறுப்பில் கட்டிய பகுதி. பாதி சீர்செய்தது, மீதி சிதைந்தபடியே நிற்கிறது. சுட்ட ஆண்டையும் படைப்பிரிவையும் பொறித்த செங்கற்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன. எனக்கு அந்தச் செங்கற்களைப் பார்க்க வேண்டும் என்று பல வருட ஆசை.

வடகிழக்கே போகவேண்டிய பேருந்து வடமேற்கே போவதை ஃபோன் மேப்பில் பார்த்துத்தான் கேட்டேன். "அங்கே இன்று மூடிவிட்டார்கள் மேடம், எல்லாம் ஒரே சுவர்தானே" என்றார் வழிகாட்டி. ஹாஸ்டல் பெண்ணிடம் சொல்லி ஜின்ஷான்லிங்குக்கு ஃபோன் போட்டுக் கேட்கச் சொன்னேன். திறந்துதான் இருந்தது. திரும்பக் கேட்டதும் பேச்சு மாறியது: "ஒருவருக்காகத் தனி வண்டி விட முடியாது."

முதலில் ஜேட் கல் கடை. அப்புறம் தேநீர்க் கடை. வாங்காதவர்களைக் கதவருகே நிறுத்திவைத்துப் பேசினார்கள். பாதி நாள் போன பிறகு சுவரின் வேறொரு பகுதியான படாலிங்கில் இறக்கிவிட்டு, இரண்டு மணி நேரத்தில் வண்டிக்குத் திரும்பச் சொன்னார்கள். வழிகாட்டி மேலே ஏறவே இல்லை. மற்ற பயணிகள் படாலிங் போவதற்கென்றே 150 யுவான் கட்டி வந்தவர்கள்! படாலிங்கைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே நுழைவுச் சீட்டு 40 யுவான்தான், அதிவேக ரயிலிலேயே போய்விடலாம். தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்தில் நடைப்பயணம் எங்கே?

அவர்கள் விற்ற வழியே இப்போது கிடையாது. சிமடாயை 2010இல் மூடினார்கள். 2014இல் அடிவாரத்திலுள்ள குபெய் நீர் நகரம் என்ற சுற்றுலா ஊரோடு சேர்த்துத் திறந்தபோது அதற்குத் தனி வாசல், தனி முன்பதிவு என்றாகிவிட்டது. ஜின்ஷான்லிங்கிலிருந்து சுவர் வழியாக அங்கே கடக்க விடுவதில்லை, கிழக்குக் கோபுரங்களோடு திரும்ப வேண்டும். இதை மறைத்து விற்பவர்களிடம் வேறு எதையும் நம்பி வாங்காதீர்கள். சுவரின் எந்தப் பகுதி, எந்த வாசலில் ஏறி எதில் இறங்குவது, வழியில் கடைகள் உண்டா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். தனியாகப் போகிறவர்கள், ஆள் சேராவிட்டால் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள்.

2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சீனச் சுற்றுலாச் சட்டத்தின்படி, பயணிகள் சம்மதிக்காமல் கடைகளுக்குக் கூட்டிப்போகக் கூடாது. புகாருக்கு 12345 என்ற எண், பெய்ஜிங்கில் ஆங்கிலத்திலும் பேசலாம். அவர்கள் அலுவலகத்திலேயே நின்று அந்த எண்ணை அழைத்த பிறகுதான் 400 யுவான் திரும்பி வந்தது. மீதி 200ஐ இன்னும் தரவில்லை.